கப்பல் எந்தத் திசையில் போகிறது?

வான்கூவரிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்கு ஒரு சுற்றுலாக் கப்பல் வருகிறது. வேறொரு பருவத்தில் அதே கப்பல் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து வான்கூவருக்குப் போகிறது. வழி ஒன்று, அறைகளும் சாப்பாடும் ஒன்று. ஆனால் தெற்கே வருகிறவர் மேல்தளத்தில் சாவகாசமாகப் புத்தகம் படிக்கிறார். வடக்கே போகிறவர்களில் பலர் இரண்டாம் நாள் காலை அறையை விட்டே வெளியே வருவதில்லை. இந்த வித்தியாசத்தைப் பயண விளம்பரங்கள் சொல்வதில்லை. கட்டாயம் சொல்ல வேண்டும்.

காரணம் தெளிவானது. வசந்தமும் கோடையும் வந்தால் வட பசிபிக்கின் மேல் உயர் அழுத்த மண்டலம் வலுக்கிறது. கலிபோர்னியாவின் உள்நிலமோ சூடேறிக் காற்றழுத்தம் குறைகிறது. இரண்டுக்கும் நடுவே, கரையை ஒட்டி, வடமேற்குக் காற்று நாள்கணக்கில் விடாமல் வீசும். கலிபோர்னிய நீரோட்டமும் தெற்கு நோக்கித்தான். குளிர்காலத்தை மெக்சிகோ, கலிபோர்னியப் பக்கம் கழித்த கப்பல்கள் அலாஸ்கா சீசனுக்காக வடக்கே கிளம்புவது ஏப்ரல், மே மாதங்களில். அதாவது, அந்தக் காற்று உரம் பிடிக்கும் நேரத்தில் அதற்கு நேர் எதிரே.

எதிரே போவதால் என்ன ஆகிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 12 விநாடிக்கு ஒன்றாக வரும் அலை, ஆழ்கடலில் மணிக்குச் சுமார் 67 கி.மீ. வேகத்தில் நகரும். முகட்டுக்கு முகடு இடைவெளி ஏறக்குறைய 225 மீட்டர். கப்பலின் வேகம் 33 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். எதிரே போனால் இரண்டு வேகமும் கூடி 100 ஆகிறது. எட்டு விநாடிக்கு ஒரு முகடு கப்பலின் முன்முனையைத் தூக்கிப் போடும். அலையோடு சேர்ந்து போனால் 34 கி.மீ.தான் மிச்சம், அடுத்த முகடு வந்து சேர 24 விநாடி ஆகும். காற்றும் அப்படித்தான். 46 கி.மீ. வேகக் காற்று, எதிரே போகிறவர் முகத்தில் 79 ஆக அறைகிறது. முதுகில் வாங்கிப் போகிறவருக்கு 13.

எட்டுக்கும் இருபத்து நாலுக்கும் உள்ள இந்த வித்தியாசம் வயிற்றுக்குத் தெரியும். 1974-இல் ஓ'ஹேன்லன், மெக்காலி என்ற ஆய்வாளர்கள் மனிதர்களைச் செயற்கை அறையில் ஏற்றி இறக்கிச் சோதித்தார்கள். ஏறக்குறைய ஆறு விநாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் அசைவுதான் வாந்தியை அதிகம் கிளப்புகிறது என்று கண்டார்கள். பத்து விநாடி அலையை எதிர்கொண்டு போகும் கப்பல் கிட்டத்தட்ட அந்த ஆறு விநாடிக் கணக்கில்தான் ஆடும். பெரிய கப்பல்களில் ஆட்டத்தைக் குறைக்கும் துடுப்புகள் உண்டே என்று கேட்கலாம். அவை பக்கவாட்டுச் சாய்வை அடக்குபவை; முன்னும் பின்னும் தூக்கிப்போடும் ஆட்டத்தை அவற்றால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து மாலையில் புறப்படும் கப்பலுக்குச் சான்டா பார்பரா வரை பெரும்பாலும் அமைதிதான். கரை மேற்காக நீண்டு மறைப்புத் தருகிறது. பாயின்ட் கன்செப்ஷன் முனையைத் தாண்டியதும் அந்த மறைப்பு போய்விடும். சாப்பாட்டுக் கூடத்தில் தண்ணீர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசும். நீச்சல் குளத்து நீர் விளிம்பைத் தாண்டித் தெறிக்க, ஊழியர்கள் அதன்மேல் வலையை இழுத்துக் கட்டுவார்கள். லிஃப்ட் வாசல்களில் வாந்திப் பைகள் செருகி வைக்கப்பட்டிருக்கும். ஊழியர்களுக்கு இது முன்னரே தெரிந்த சங்கதி. பணம் கட்டிய பயணிக்கு மட்டும் ஏன் தெரியக்கூடாது?

இது புதிதாகக் கண்டுபிடித்த உண்மையும் அல்ல. ஸ்பானிய மாலுமி செபஸ்டியான் விஸ்கைனோ 1602 மே மாதம் அகாபுல்கோவிலிருந்து வடக்கே கிளம்பினார். மான்டரே விரிகுடாவை அடைந்தபோது டிசம்பர். வழியெல்லாம் கரையை ஆராய்ந்துகொண்டே போனது உண்மைதான். எதிர்க்காற்று அவரை வாட்டியதும் உண்மை. திரும்பி வந்தது அடுத்த மார்ச்சில். இன்றைய பாய்மரப் படகுக்காரர்கள், காபோ சான் லூகாஸிலிருந்து சான் டியேகோவுக்கு ஏறும் பயணத்துக்கு 'பாஹா பேஷ்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். இறங்கி வரும் பயணத்தை அப்படி யாரும் அழைப்பதில்லை.

பின்னாலிருந்து வரும் அலை எப்போதும் நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. சாய்வாகப் பின்னாலிருந்து வரும் பெரிய அலை கப்பலை ஆபத்தாகப் புரட்டக்கூடும்; இதற்கென்றே சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2007-இல் கேப்டன்களுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. அக்டோபர் கடந்து அலாஸ்கா வளைகுடாப் புயல்கள் இறங்கத் தொடங்கினால், அவற்றுக்கு முன்னால் தெற்குக் காற்று வீசும், கணக்கு தலைகீழாகும். ஆகவே திசையை மாதத்தோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

நம் கரைக்கும் இது பொருந்தும். சென்னையிலிருந்து 2022-இல் சொகுசுக் கப்பல் பயணம் தொடங்கியது. அடுத்த ஆண்டு அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை வரை நீண்டது. வடகிழக்குப் பருவத்தில் வாடைக்காற்றும் கரையோர நீரோட்டமும் தெற்கே தள்ளும். போகும்போது உதவும் அதே கடல் திரும்பி வரும்போது முட்டும். வாடை எப்போது, தெற்கிலிருந்து வீசும் சோளகம் எப்போது என்று பார்த்துப் படகு இறக்கும் மீனவர்களுக்கு இது அன்றாடப் பேச்சு. லட்சக்கணக்கில் செலவழித்துக் குடும்பத்தோடு ஏறுகிறவர்களுக்கு இதைச் சொல்ல ஆளில்லை.

தகவலுக்குப் பஞ்சம் கிடையாது. மான்டரேக்கு வெளியே மிதக்கும் 46042 எண் மிதவை, அலையின் உயரத்தையும் இடைவெளியையும் இடைவிடாமல் அனுப்புகிறது. அமெரிக்க அரசு அதைப் பொதுவில் வைத்திருக்கிறது. இந்தியக் கரைக்கு ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் அலை முன்னறிவிப்பு தருகிறது. இவற்றை வைத்து, இந்த மாதம் இந்தத் திசையில் கடல் வழக்கமாக எப்படி இருக்கும் என்று பயண விவரத்தில் நாலு வரி சேர்ப்பது நிறுவனங்களுக்குக் கஷ்டமில்லை. அதுவரை பயணிகளே கேட்க வேண்டும். பசிபிக் கரைக்குப் போகிறவர்கள், முடிந்தால் செப்டம்பரில் தெற்கே வரும் கப்பலைப் பிடிக்கலாம். மே மாதத்தில் வடக்கேதான் போயாக வேண்டும் என்றால், முன்முனை அறை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிட்டு, கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் அறை கேட்பது நல்லது. வயதானவர்கள் கூட வந்தால் குமட்டல் மாத்திரை பற்றிக் கிளம்புவதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம்; ஆட்டம் தொடங்கிய பிறகு விழுங்கும் மாத்திரை அவ்வளவாகக் கேட்பதில்லை.