அடுப்பு மாறினால் ஆள் வேண்டாமா?

தோழர்களே, விறகு அடுப்பு அணைந்தால் புகையும், அவ்வளவே. எரிவாயு அடுப்பு அணைந்து, வாயு மட்டும் தொடர்ந்து வருமானால், அது அடுப்புக்குள் நிறைந்து ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். ஆஸ்பத்திரியிலானாலும் கையுறைத் தொழிற்சாலையிலானாலும், எரிவாயு பாய்லரைப் பற்றித் தொழிலாளி முதலில் அறிய வேண்டியது இதுதான்.

நிர்வாகத்தார் முதலில் சொல்வது வேறு. சாம்பல் இல்லை, புகை குறைவு, விறகு தள்ள ஆள் வேண்டாம் என்பார்கள். முதல் இரண்டையும் ஒப்புக்கொள்கிறோம். மூன்றாவதில்தான் நமக்கு வழக்கு. செக்ரோலில் ஒரு பெயர் குறைந்தால் செலவு குறைந்ததாகத் தோன்றும். கிராணிமாருக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்.

அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்து டியர்பர்னில், ஃபோர்டு கம்பெனியின் ரூஜ் ஆலையில் நடந்ததைப் பாருங்கள். (ரப்பருக்காகப் பிரேசில் காட்டில் 1928இல் ஊர் கட்டி, தோற்று, 1945இல் விற்றுவிட்டுப் போன அதே ஃபோர்டுதான்.) 1999 பிப்ரவரி 1ஆம் தேதி, ஆலைக்கு நீராவி கொடுத்துவந்த மின்நிலையத்தில் ஒரு பாய்லரைச் சோதனைக்காக நிறுத்திக்கொண்டிருந்தார்கள். ஓடிக்கொண்டிருந்தபோதல்ல, நிறுத்தும்போது! அணைந்த அடுப்புக்குள் எரிவாயு புகுந்து நிறைந்தது, வெடித்தது. 6 தொழிலாளர்கள் மாண்டனர். பின்னர் 15 லட்சம் டாலர் அபராதம் உட்பட 70 லட்சம் டாலருக்கு அரசாங்கத்துடன் உடன்பாடு ஏற்பட்டது. போன உயிர் போனதுதான்.

பற்றவைக்குமுன் விசிறி ஓடி, உள்ளே தங்கிய வாயுவை வெளியேற்ற வேண்டும். தீ அணைந்தால் அதைக் கண்டுபிடித்துச் சில விநாடிகளில் வாயுவை அடைக்கும் கருவி இருக்க வேண்டும். பழுது பார்க்க ஆள் இறங்குமுன் வாயுக் குழாயைத் தகடு வைத்து அடைத்துவிட வேண்டும். கருவி அடிக்கடி பாய்லரை நிறுத்துகிறது, உற்பத்தி கெடுகிறது என்று அதைச் செயலிழக்கச் செய்து ஓட்டுவதைப்போன்ற கொடுமை வேறில்லை.

மலேசியாவில் தகுதிச் சான்றிதழ் இல்லாமல் நீராவி பாய்லரை ஓட்ட முடியாது. 1967ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 2024 ஜூன் 1ஆம் தேதி நீங்கிய பிறகும் இந்த விதி இருக்கிறது. ஆனால் சான்றிதழ் சுவரில் தொங்கும். நள்ளிரவு ஷிப்டில் பாய்லர் அறையில் நிற்பவன் மனிதன். அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில், சம்பளத்தோடு இதையும் கேட்போம்: எரிவாயுவைக் காரணம் காட்டிப் பாய்லர்மேனைக் குறைக்கக் கூடாது, நிறுத்தும் முறையும் பற்றவைக்கும் முறையும் அவன் படிக்கும் மொழியில் எழுதித் தரப்பட வேண்டும், ஆபத்தென்று கண்டால் யாரையும் கேளாமல் வாயுவை அடைக்க அவனுக்கு உரிமை வேண்டும்.