ரேம் விலை எகிறுது... ஆனா உங்க லேக் அங்கேயா இருக்கு?

ராத்திரி ஒன்பதரை மணி. சித்தப்பா வீட்டு ஹாலில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. உள்ரூமிலிருந்து "அய்யோ, செத்தேன்!" என்று ஓர் அலறல். நான்தான் பதறினேன். சித்தப்பா தலையைக்கூடத் திருப்பவில்லை. "தினமும் இதே கூத்துதாம்மா" என்றார்.

காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கும் தம்பி முகத்தைத் தொங்கப்போட்டபடி வெளியே வந்தான். "அக்கா, நான்தான் முதல்ல சுட்டேன். கேம் ஒத்துக்கல. லேக் அடிக்குது. ரேமை 16 ஜிபி ஆக்கினா சரியாயிடும், அப்பாகிட்ட நீயாவது சொல்லேன்."

சித்தப்பா என் பக்கம் திரும்பினார். "கடைக்காரர் சொல்ற வெலையைக் கேட்டா தலை சுத்துதும்மா. நீ பத்திரிகைல இருக்கியே, இதுக்கு இவ்ளோ காசு போடலாமான்னு சொல்லு."

இன்று கேம் ஆடும் பிள்ளைகள் இருக்கிற பல வீடுகளில் இதே பஞ்சாயத்துதான். பதில் சொல்வதற்கு முன்னால், விலை ஏன் இப்படி ஏறியது என்று பார்த்துவிடலாம்.

ரேமுக்கு என்ன ஆச்சு?

உலகத்தின் ரேம் சிப்களில் பெரும்பகுதியைத் தயாரிப்பவை சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்றே நிறுவனங்கள். ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி மலைமலையாகத் தேவைப்படுகிறது. அதில் லாபமும் அதிகம். அதனால் தொழிற்சாலைகள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. வீட்டு கம்ப்யூட்டருக்கு வர வேண்டிய சரக்கு குறைந்து, 2025 கடைசியில் விலை மளமளவென்று ஏறியது. 'குரூஷியல்' என்ற பெயரில் சாதாரண வாடிக்கையாளர்களுக்கு ரேம் விற்றுவந்த மைக்ரான், அந்த வியாபாரத்தையே மூடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. ஏஐயிடம் கேள்வி கேட்பது இலவசம் என்று நினைக்கிறோம். அதன் பில்லில் ஒரு பகுதி சித்தப்பா மாதிரி ஆட்களிடம் வந்து சேர்கிறது.

இன்னொரு நெருக்கடியும் இருக்கிறது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட்டை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 வேண்டும், கொஞ்சம் புது புராசஸரும் வேண்டும். பழைய சிஸ்டம் வைத்திருப்பவர்களுக்கு 'எல்லாத்தையும் மாத்திடு' என்ற குரல் நாலா பக்கமும் கேட்கிறது. இந்தச் சமயத்தில், நம் லேக் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் பர்ஸைத் திறந்தால் நஷ்டம்தான்.

ஒரே பேர், ரெண்டு வியாதி

லேக் என்று நாம் சொல்வதில் ரெண்டு வேறு பிரச்னைகள் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது, கம்ப்யூட்டர் திணறுவது. நொடிக்கு 60 படங்கள் வேண்டுமென்றால் ஒவ்வொரு படத்தையும் சுமார் 16.7 மில்லிசெகண்டுக்குள் சிஸ்டம் வரைந்து முடிக்க வேண்டும். முடியாவிட்டால் திரையே விட்டு விட்டு நகரும். நெட் தேவைப்படாத கேமிலும் இதே திணறல் இருந்தால் கோளாறு சிஸ்டத்தில்தான்.

ரெண்டாவது, நெட் திணறுவது. திரை வழுக்கிக்கொண்டு ஓடும். ஆனால் எதிராளி ஓரிடத்தில் மறைந்து இன்னோரிடத்தில் முளைப்பார். முன்னால் ஓடிய நீங்கள் ரப்பர் பேண்ட் கட்டியதுபோல் பழைய இடத்துக்கே இழுக்கப்படுவீர்கள். இதற்கு ரேம் மாற்றுவது, கால்வலிக்குக் கண்ணாடி போடுவது மாதிரி.

பெரும்பாலான ஆன்லைன் கேம்களின் செட்டிங்ஸில் எஃப்பிஎஸ், பிங், பாக்கெட் லாஸ் மூன்றையும் திரையில் காட்டும் வசதி இருக்கிறது. அதை ஆன் செய்துவிட்டுத் தம்பியை ஆடச் சொன்னேன். எஃப்பிஎஸ் அசையவே இல்லை. பிங் மட்டும் 35-ல் இருந்து திடீரென்று 200-க்குத் தாவி, திரும்ப இறங்கியது.

அடுத்த சோதனை இன்னும் சுலபம். கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ரவுட்டரின் முகவரியை பிங் செய்து பார்த்தோம். பல வீடுகளில் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று இருக்கும். ரவுட்டர் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, சில மில்லிசெகண்டில் பதில் வர வேண்டும். அதுவே சில சமயம் 150-ஐத் தொட்டது. ஆக, கேம் கம்பெனியைத் திட்டவும் வேண்டாம், நெட் கம்பெனியைத் திட்டவும் வேண்டாம். ஹாலில் டிவிக்குப் பின்னால், ரெண்டு சுவர் தாண்டி உட்கார்ந்திருந்த வைஃபைதான் குற்றவாளி.

ஒரு நீளமான லேன் கேபிள் வாங்கி ரூமுக்கு இழுத்தோம். சில நூறு ரூபாய்தான் செலவு. தாவல் நின்றது.

எம்பிபிஎஸ் மயக்கம்

"நாங்க 100 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருக்கோமே!" என்றார் சித்தப்பா. விளம்பரங்கள் நமக்குக் கற்றுக்கொடுத்த ஒரே அளவுகோல் அதுதான். ஆனால் கேமைத் தரவிறக்கத்தான் எம்பிபிஎஸ் வேண்டும். பெரும்பாலான ஷூட்டர் கேம்களை ஆட 1 எம்பிபிஎஸ்கூட முழுசாகத் தேவைப்படாது. ரோடு எவ்வளவு அகலம் என்பது இங்கே கேள்வி இல்லை. நம் வண்டி சிக்னலில் நிற்காமல் போய்த் திரும்புகிறதா என்பதுதான் கேள்வி.

வீட்டில் யாராவது ஒருவரின் போன், ஃபோட்டோக்களை கிளவுடில் ஏற்ற ஆரம்பித்தால் போதும். ரவுட்டரில் க்யூ கட்டி, கேமின் குட்டித் தகவல்கள் பின்னால் நிற்கும். ரவுட்டரில் க்யூஓஎஸ் என்ற வசதி இருந்தால் கேம் ஆடும் கம்ப்யூட்டருக்கு முன்னுரிமை கொடுக்கலாம். இல்லையென்றால் பேக்கப்பை நடுராத்திரிக்குத் தள்ளிவையுங்கள். கேபிள் இழுக்கவே வழியில்லாத வாடகை வீடு என்றால், 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாறி ரவுட்டரைப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். 2.4-ல் அபார்ட்மென்ட் முழுக்க நெரிசல்.

'ரெஜிஸ்ட்ரியில் இதை மாற்றினால் பிங் பாதியாகும்' வகை வீடியோக்களை நம்ப வேண்டாம். அவற்றில் பலவும் டிசிபி இணைப்புக்கான மாற்றங்கள். வேகமான ஷூட்டர் கேம்கள் பெரும்பாலும் யுடிபியில் ஓடுகின்றன. 'கேம் பூஸ்டர்', 'ரேம் கிளீனர்' சாஃப்ட்வேர்கள் பின்னணியில் ஓடி, இருக்கிற ரேமையும் தின்னும்.

கோளாறு சிஸ்டத்தில்தான் என்றால்?

அப்போதும் முதலில் காசு செலவில்லாத வேலைகள். டாஸ்க் மேனேஜரில் தேவையில்லாத ஸ்டார்ட்-அப் ஆப்களை நிறுத்துங்கள். லேப்டாப்பை சார்ஜரில் போட்டே ஆடுங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கிவிட்டு, விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் 60-லேயே விட்டிருப்பவர்கள் நிறையப் பேர். டெஸ்க்டாப்பில் மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில் செருகியிருக்கிறதா, மதர்போர்டிலா என்றும் பாருங்கள். ஆடத் தொடங்கிப் பத்து இருபது நிமிஷம் கழித்து மட்டும் திணறினால், சூடுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். நம் ஊர் வெயிலும் தூசியும் ஃபேனை அடைத்துவிடும். நல்ல சர்வீஸ் ஆளிடம் கொடுத்துச் சுத்தம் செய்து, தெர்மல் பேஸ்ட் மாற்றச் சொல்லுங்கள்.

ரேம் நிஜமாகவே தேவைப்படும் வீடுகளும் உண்டு. தம்பியின் நண்பன் லேப்டாப்பில் ஒரே ஒரு 8 ஜிபி ரேம். தனி கிராபிக்ஸ் கார்டும் கிடையாது, அதனால் கிராபிக்ஸுக்கும் அந்த ரேமிலிருந்தே பங்கு போகிறது. கேம் ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் மெமரி 95 சதவிகிதத்துக்கு மேல் நின்றது. அவனுக்கு இன்னொரு 8 ஜிபி போட்டு டூயல் சேனல் ஆக்குவது, இந்த விலையிலும் நியாயமான செலவு. ஹார்டு டிஸ்க்கில் கேம் வைத்திருப்பவர்களுக்கு எஸ்எஸ்டியும் அப்படித்தான்.

மாற்ற முடியாதது தூரம்

ஃபைபரில் ஒளி நொடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. சென்னையிலிருந்து மும்பை நேர்க்கோட்டில் சுமார் ஆயிரம் கிலோமீட்டர். போய்வரவே 10 மில்லிசெகண்ட். கேபிள் நேர்க்கோட்டில் போவதில்லை, நடுவில் கருவிகளும் உண்டு, அதனால் நிஜத்தில் கூடவே ஆகும். சிங்கப்பூர் என்றால் குறைந்தபட்சமே ஏறத்தாழ 30. எந்த ரேமும் இதைக் குறைக்காது. பக்கத்து சர்வரைத் தேர்ந்தெடுப்பது மட்டுமே வழி.

2025 ஆகஸ்ட்டில் நிறைவேறிய ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளைத் தடைசெய்து, இ-ஸ்போர்ட்ஸை முறையான விளையாட்டாக ஏற்றது. நல்லது. டிராயின் 2024 தர விதிமுறைகளிலும் லேட்டன்ஸி ஓர் அளவுகோல். ஆனால் பிளான் விற்க வரும் ஆள் இன்றும் எம்பிபிஎஸ் மட்டும்தான் பேசுகிறார். "ராத்திரி ஒன்பது மணிக்கு மும்பை சர்வருக்கு பிங் எவ்வளவு வரும்?" என்று நாம் கேட்டால்தான் அதற்கும் பதில் தயாராகும்.

கேபிள் போட்ட மறுநாள் சித்தப்பாவுக்கு போன் செய்தேன். "ரேம் காசு மிச்சம்மா. ஆனா கத்தல் நிக்கல" என்றார். தம்பியிடம் கேட்டேன். "இப்போ லேக் இல்லக்கா. எதிர்ல ஆடுறவன் நல்லா ஆடுறான்."

அதற்கு எந்தக் கடையிலும் பார்ட்ஸ் கிடைக்காது.