கூறியது கூறலும் வகுத்துக் கூறலும்

ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் ‘டிப்ளமேட்டிக்’ என்னும் சொல்லுக்குத் தமிழில் ஒரே நிகர்ச்சொல் காண்பது அரிது. நாடுகளுக்கு இடையிலான தூதுறவைச் சுட்டுமிடத்து அது தூதாண்மை என்றும் அரசதந்திரம் என்றும் பெயர்க்கப்படுகிறது. பழம் பட்டயங்களின் மெய்ம்மையை ஆராயும் துறையைச் சுட்டுமிடத்து ஆவணவியல் ஆகிறது. சுவடியில் உள்ளதை எழுத்துப் பிழையும் அடித்தல் திருத்தலும் உட்பட அப்படியே அச்சில் தரும் முறையைச் சுட்டுமிடத்து உள்ளவாறு பதிப்பு எனப்படுகிறது. அன்றாடப் பேச்சிலோ எவர் மனமும் நோகாதபடி நயமாகப் பேசும் திறனுக்கும் அச்சொல்லே வழங்குகிறது. பிழையையும் மறைக்காது காட்டும் பதிப்புக்கும், கசப்பானதை மென்மையாக்கிச் சொல்லும் பேச்சுக்கும் ஒரே பெயர் வாய்த்த வரலாறு, பிறருடைய சொல்லை ஏந்திச் செல்லும் பணியில் உள்ள சுவடிப் பதிப்பாசிரியரும் கல்வெட்டறிஞரும் ஊன்றிக் கற்க வேண்டிய ஒன்றாகும்.

கிரேக்க மொழியில் ‘டிப்ளோமா’ என்பதற்கு இரண்டாக மடிக்கப்பட்டது என்பது பொருள். உரோமப் பேரரசில் அரசு அஞ்சல் வழியின் வண்டிகளையும் குதிரைகளையும் பயன்படுத்துவதற்கான அனுமதிச் சீட்டு அப்பெயரால் வழங்கியது. பித்தினியா மாநில ஆளுநராக இருந்த இளைய பிளினி, தம் மனைவியின் அவசரப் பயணத்துக்கு அத்தகைய சீட்டை அளித்ததற்காகப் பேரரசர் டிராஜனுக்கு விளக்கம் எழுத நேர்ந்தது. துணைப்படையில் 25 ஆண்டுகள் பணியாற்றிய வீரருக்குக் குடியுரிமை வழங்கிய வெண்கலப் பட்டயங்களுக்கும் பிற்கால அறிஞர் இப்பெயரையே இட்டனர். இரண்டு தகடுகளைச் சேர்த்துக் கம்பியால் கட்டி, அதன்மேல் ஏழு சாட்சிகளின் முத்திரைகளைப் பதித்து, ஒரே வாசகத்தை உட்புறத்தும் வெளிப்புறத்தும் பொறித்திருப்பது அப்பட்டயங்களின் அமைப்பாகும். வெளிப்புற வாசகம் எவரும் படிப்பதற்கு உரியது. உட்புற வாசகம் ஐயம் எழுந்தபோது கட்டவிழ்த்து ஒப்பிடுவதற்கு உரியது. படிக்க ஒன்று, சரிபார்க்க ஒன்று என்னும் அந்த இரட்டை ஏற்பாடு இவ்வுரையின் முடிவில் மீண்டும் நினைக்கப்படும்.

இடைக்கால ஐரோப்பாவில் மடங்களும் சிற்றரசுகளும் நிலவுரிமையையும் வரிவிலக்கையும் பட்டயங்களைக் காட்டியே நிலைநாட்டின. ஆதலால் பொய்ப் பட்டயங்களும் பெருகின. மேற்குப் பேரரசின் ஆட்சியுரிமையைப் போப்பாண்டவருக்குக் கான்ஸ்டன்டைன் பேரரசர் அளித்ததாகக் கூறும் ஆவணம் பிற்காலத்தில் புனையப்பட்டது என்பதை, அதன் இலத்தீன் நடையைக் கொண்டே 1440இல் லொரென்சோ வல்லா நிறுவினார். 1675இல் இயேசு சபைத் துறவி பாப்பன்புரூக், பழைய பிராங்கிய மன்னர்களின் பட்டயங்கள் பல நம்பத்தக்கன அல்ல என்று எழுதியபோது, பெனடிக்ட் சபையினரின் மடங்கள் போற்றிக் காத்த ஆவணங்களே ஐயத்துக்கு உள்ளாயின. அச்சபையைச் சேர்ந்த ழான் மபியோன் சினத்தால் மறுமொழி கூறாமல், எழுதப்பட்ட தோல், மை, எழுத்தின் வடிவம், முத்திரை, தேதியிடும் முறை, தொடக்க முடிவு வாய்பாடுகள் ஆகியவற்றைக் கொண்டு மெய்யையும் பொய்யையும் பிரித்தறியும் நெறிகளை வகுத்து, 1681இல் ‘தே ரே டிப்ளமாட்டிக்கா’ என்னும் நூலை வெளியிட்டார். பாப்பன்புரூக் அந்நூலின் சிறப்பை மனமுவந்து ஏற்றார் என்பது அறிவுலகம் நினைவிற் கொள்ளத்தக்க செய்தி. ஆவணவியல் ஒரு துறையாகப் பிறந்தது அந்நூலில்தான்.

அதே நூற்றாண்டின் இறுதியில் சொல்லின் பொருள் நகரத் தொடங்கியது. 1693இல் லைப்னிட்சு தொகுத்த நூலின் தலைப்பிலும், 1726 முதல் ழான் துமோன் வெளியிட்ட பெருந்தொகுதியின் தலைப்பிலும் ‘டிப்ளமேட்டிக்’ என்பதற்கு ஆவணங்கள் சார்ந்தது என்பதே பொருள். ஆனால் அத்தொகுதிகளில் இடம்பெற்ற ஆவணங்கள் அரசுகளுக்கு இடையிலான உடன்படிக்கைகள். எனவே ஏட்டுக்கு உரிய அடைமொழி, மெல்ல ஏடு பேசும் உறவுக்கும் பின்னர் அவ்வுறவைப் பேணும் மனிதருக்கும் உரியதாயிற்று. தூதர்களின் தர வரிசையை 1815இல் வியன்னா மாநாடு வரையறுத்தபோது இப்புதுப் பொருள் நிலைபெற்றுவிட்டது. ஆயினும் பழைய வேர் அறுந்துவிடவில்லை. இன்றும் தூதர் ஒருவர் தம் நாட்டுத் தலைவர் ஒப்பமிட்ட நம்பிக்கைச் சான்றிதழை அளித்த பின்னரே முறைப்படி ஏற்கப்படுகிறார். 1961ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை, தூதரகத்தின் ஆவணங்கள் எங்கிருந்தாலும் எக்காலத்தும் பிறர் தீண்டத்தகாதவை என்று விதிக்கிறது. நயமாகப் பேசுதல் என்னும் பொருள் இவ்வளவுக்கும் பின்னர், தூதரின் பழக்கத்தைக் கண்டு உலக வழக்கு ஏற்றிய கடைசிப் படலமே.

இப்பிணைப்பு ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதன்று. கௌடிலியரின் அர்த்தசாத்திரம் தூதரை மூவகையாகப் பிரிக்கிறது: முழுப் பொறுப்பும் ஒப்படைக்கப்பட்டு, இடமறிந்து தாமே பேசுபவர், வரையறுத்துத் தந்த அளவுக்குள் பேசுபவர், ஆணை ஏட்டைக் கொண்டு சேர்ப்பதோடு நிற்பவர். மூன்றாமவருக்கு அந்நூல் தரும் பெயர் ‘சாசனஹரர்’, அதாவது சாசனத்தை ஏந்திச் செல்பவர். அரசாணை ஏடுகளை எழுதும் முறைக்கென அதே நூல் ஒரு தனி இயலையும் ஒதுக்கி, பொருள் வரிசை, தொடர்பு, நிறைவு, இனிமை, பெருமிதம், தெளிவு என்னும் ஆறு குணங்களை எண்ணிக் காட்டுகிறது. திருக்குறளின் தூது அதிகாரத்துக்கு உரை எழுதிய பரிமேலழகர், வகுத்துக் கூறுபவர், கூறியது கூறுபவர் என்னும் இருவரோடு ஓலை கொடுத்து நிற்பவரையும் கூட்டித் தூதரை மூவராக்கித் தலை, இடை, கடை எனத் தரப்படுத்தும் வடநூலார் கொள்கையைக் குறிப்பிடுகிறார். நூலுக்கு உரிய பத்துக் குற்றங்களுள் ஒன்றாகத் தமிழ் இலக்கணம் விலக்கிய ‘கூறியது கூறல்’, தூதுக்கு வந்த இடத்தில் அறமாகிறது. நூலாசிரியர் பேசுவது தம் சொல் ஆதலால் அதை மீண்டும் சொல்வது சோர்வு, தூதர் பேசுவது பிறர் சொல் ஆதலால் அதை மாறாமல் சொல்வது கடமை.

பட்டயமும் தூதும் ஒரே இடத்தில் சந்திக்கும் மிகச் சிறந்த சான்று தமிழ் நிலத்திலேயே உள்ளது. சிரீவிசய அரசர் மாறவிசயோத்துங்கவர்மர் தம் தந்தை சூளாமணிவர்மர் பெயரால் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த புத்த விகாரத்துக்கு, முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்தான்; அக்கொடையை இராசேந்திரன் செப்பேட்டில் பொறிக்கச் செய்தான். பின்னர் ஏறத்தாழ 1090இல், கிடாரத்து அரசரின் தூதர்களான இராசவித்தியாதர சாமந்தரும் அபிமானோத்துங்க சாமந்தரும் வேண்டிக்கொண்டபடி, முதலாம் குலோத்துங்கன் அப்பள்ளிக்குரிய ஊர்களின் வரிவிலக்கை உறுதிசெய்து மற்றொரு செப்பேடு அளித்தான். லெய்டன் நகரப் பல்கலைக்கழக நூலகத்தைச் சென்றடைந்தமையால் லெய்டன் செப்பேடுகள் என்று பெயர்பெற்ற இவ்விரண்டும், மன்னர் ஆணையிட, அதிகாரிகள் வரிக்கணக்கில் ஏற்ற, கன்னான் செம்பில் வெட்ட, வளையத்தில் கோத்து முத்திரை இடப்பட்ட ஆவணங்கள். மபியோன் பிராங்கியப் பட்டயங்களில் தேடிய உறுப்புகள் அனைத்தும், முகப்பில் வடமொழிப் புகழுரை, நடுவில் தமிழில் ஆணையும் எல்லைகளும், இறுதியில் அலுவலர் ஒப்பம் என, சோழர் செப்பேடுகளிலும் நிரல்பட அமைந்திருக்கின்றன.

மூவகைத் தூதரின் பாகுபாடு பதிப்பாசிரியருக்கு அப்படியே பொருந்தும். பல சுவடிகளை ஒப்பிட்டு, பாடவேறுபாடுகளை எடைபோட்டு, சிதைந்த இடத்தைச் செம்மை செய்து ஒரு பாடத்தை நிறுவும் செம்பதிப்பாசிரியர், வகுத்துக் கூறும் தூதர். ஒரே சுவடியை எடுத்துக்கொண்டு, அதன் எழுத்தையும் வரி முறிவையும் விடுபாட்டையும் பிழையையும் மாற்றாமல் அச்சில் தருபவர் கூறியது கூறும் தூதர். சுவடியின் நிழற்படத்தை மட்டும் வெளியிடுபவர் ஓலை கொடுத்து நிற்பவர். இம்மூவருள் எவரும் மற்றவரின் பணியைச் செய்ய இயலாது. ஒருவர் தாம் இன்னார் என்று சொல்லாமல் மற்றவரின் இடத்தில் நிற்கும்போதுதான் தீங்கு விளைகிறது.

தமிழ் ஓலைச்சுவடியைப் பொறுத்தவரை இவ்வேறுபாடு மிகவும் கூர்மையானது. ஏட்டில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இராது. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வடிவத்தால் வேறுபடா. ரகரமும் காலும் ஒன்றுபோலவே தோன்றும். சொற்களுக்கிடையே இடைவெளியோ அடிக்கு ஒரு வரி என்னும் ஒழுங்கோ கிடையாது. எனவே ஓர் ஏட்டைப் படித்து இன்றைய எழுத்தில் பெயர்க்கும் ஒவ்வொருவரும், புள்ளி இடும் அக்கணத்திலேயே வகுத்துக் கூறத் தொடங்கிவிடுகிறார். 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் வெளியிட்ட உ. வே. சாமிநாதையர், கிடைத்த பிரதிகளை விவரித்தும் பாடவேறுபாடுகளைக் குறித்தும் தம் முடிவுகளுக்குப் பொறுப்பேற்றார். புறநானூற்றின் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்காத நிலையில் அவ்வெண்கள் இன்றளவும் வெற்றிடமாகவே நிற்கின்றன. அவ்வெற்றிடம் பதிப்பறத்தின் ஓர் அடையாளம். இல்லாததை இல்லை என்று காட்டுவதும் கூறியது கூறலின் ஒரு பகுதியே.

எது ஆவணத்தின் சொல், எது படித்தவரின் சொல் என்று பிரித்துக் காட்டுவதற்குக் கல்வெட்டறிஞர்களும் பாப்பிரசு ஆய்வாளர்களும் 1931இல் குறியீடுகளை வகுத்துக்கொண்டனர். அதற்குக் களம் அமைத்ததும் லெய்டன் நகரமே. அம்முறையில், அழிந்துபோய் ஆய்வாளர் இட்டு நிரப்பிய எழுத்து சதுர அடைப்புக்குள் வரும். குறுக்கி எழுதியதை விரித்தால் அவ்விரிவு வட்ட அடைப்புக்குள் வரும். எழுதியவர் தவறவிட்டதாகக் கருதிச் சேர்ப்பது கோண அடைப்புக்குள் வரும். ஐயத்துக்குரிய எழுத்தின் அடியில் ஒரு புள்ளி இடப்படும். இவை சிறு குறிகளே எனினும், ஒவ்வொன்றும் இது மூலத்தில் தெளிவாக உள்ளது அன்று என்னும் வாக்குமூலம் ஆகும்.

அந்த வாக்குமூலம் இல்லாதபோது விளையும் கேடு எத்தகையது என்பதைத் தூதாண்மையின் வரலாறு காட்டுகிறது. 1870 சூலை 13 அன்று, எம்சு நகரில் பிரஷ்ய மன்னர் முதலாம் வில்லெல்முக்கும் பிரான்சின் தூதர் பெனடெட்டிக்கும் நிகழ்ந்த உரையாடலின் அறிக்கை தந்தி வழியாகப் பிஸ்மார்க்குக்கு வந்தது. அவர் அதைச் சுருக்கி நாளிதழ்களுக்கு அளித்தார். விளக்கங்களும் தணிப்புச் சொற்களும் நீங்கிய அச்சுருக்கம், மன்னர் தூதரை அவமதித்துத் திருப்பியனுப்பினார் என்று படும்படி அமைந்தது. ஆறு நாளில் பிரான்சு போர் அறிவித்தது. வெட்டிய இடம் வெட்டியதாகக் காட்டப்படாத ஒரு பதிப்பே அத்தந்தி. 1889இல் இத்தாலியும் எத்தியோப்பியாவும் செய்துகொண்ட உச்சியாலி உடன்படிக்கையின் 17ஆம் பிரிவில், எத்தியோப்பியா வெளிநாட்டுத் தொடர்புகளுக்கு இத்தாலியின் உதவியைப் பெறலாம் என்று அம்காரியப் படியும், பெற்றாக வேண்டும் என்று பொருள்பட இத்தாலியப் படியும் கூறின. ‘லாம்’ என்பதற்கும் ‘வேண்டும்’ என்பதற்கும் இடையிலான அப்பாடவேறுபாடு, 1896 மார்ச் 1 அன்று அதுவா போர்க்களத்தில் இத்தாலியின் பெருந்தோல்வியில் போய் முடிந்தது. இலக்கியச் சுவடியின் பாடத்தை மாற்றினால் போர் மூளாது. ஆனால் எச்சரிக்க வேறு எவரும் இல்லாத இடத்தில், அம்மாற்றம் எதிர்ப்பே இன்றித் தலைமுறைகளுக்கு மூலமாகவே நின்றுவிடும்.

தமிழ்ச் சுவடித்துறையில் இன்று செம்பதிப்புகள் உள்ளன. எண்மமாக்கம் வளர வளர நிழற்படங்களும் பெருகி வருகின்றன. தலைத் தூதும் கடைத் தூதும் இவ்வாறு அமைய, இடைத் தூதாகிய உள்ளவாறு பதிப்பே அரிதாக உள்ளது. நிழற்படம் ஏடு படிக்கத் தெரிந்தவருக்கு மட்டுமே பேசும். ஏடு படிக்கும் பயிற்சி உடையவர் அருகி வரும் காலத்தில், அவர்கள் படித்தது என்ன என்பதை எழுத்துக்கு எழுத்து பதிந்து வைப்பது ஒத்திப்போடக் கூடிய பணி அன்று. செம்பதிப்பு வெளியிடும் ஒவ்வொருவரும் தாம் அடிப்படையாகக் கொண்ட சுவடிகளுள் ஒன்றையேனும் உள்ளவாறு பெயர்த்து, அச்சுப் பின்னிணைப்பாகவோ எண்மக் கோப்பாகவோ உடன் வைப்பது மரபாக வேண்டும். புள்ளியும் நெடிற்குறியும் தாம் இட்டவையா, ஏட்டில் இருந்தவையா என்பதை முன்னுரையில் ஒரு வரியிலேனும் தெரிவிப்பது கட்டாயமாக வேண்டும். பல்கலைக்கழக ஆய்வேடுகளில் இப்பணி, ‘வெறும் படியெடுப்பு’ என்று தாழ்த்தப்படாமல், தனித்த ஆய்வுப் பங்களிப்பாக மதிக்கப்பட வேண்டும். வடநூலார் கூறியது கூறுபவரை இடைத் தரத்தில் வைத்தனர், பதிப்புலகில் அவருக்கு அத்தரமும் கிடைப்பதில்லை.

கௌடிலியரின் நூலே இதற்கு நல்ல சான்று. பெயரளவில் மட்டும் அறியப்பட்டிருந்த அந்நூல், தஞ்சைப் பகுதியிலிருந்து வந்து சேர்ந்த கிரந்த எழுத்து ஓலைச்சுவடியாக 1905இல் மைசூர்க் கீழ்த்திசை நூலகத்தில் ஆர். சாமசாஸ்திரியின் கண்ணில் பட்டு, 1909இல் அச்சேறியது. சாசனஹரர் பற்றிய அந்தப் பாகுபாட்டைப் பல நூற்றாண்டுகள் கடந்து இன்றைக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்கள், பெயர் தெரியாத ஏடெழுதுவோர், அவர்களும் சாசனஹரர்களே. தாம் எழுதுவதன் பொருளை அவர்கள் எவ்வளவு உணர்ந்திருந்தனர் என்பதைக் காட்டிலும், கண்டதைக் கண்டவாறு எழுதினர் என்பதே பின்வந்தோருக்குப் பயன்பட்டது.

உரோம வெண்கலப் பட்டயத்தின் இரு வாசகங்களும் பதிப்பாசிரியருக்கு ஏற்ற முன்மாதிரி. செம்பதிப்பு வெளிப்புற வாசகம்: கற்போர் யாவரும் தெளிவாகப் படிப்பதற்கு உரியது, பதிப்பாசிரியரின் அறிவாலும் துணிவாலும் ஒளிபெற்றது. உள்ளவாறு பதிப்பு உட்புற வாசகம்: ஐயுற்ற ஒருவர் என்றாவது கட்டவிழ்த்து ஒப்பிடுவார் என்னும் நம்பிக்கையில் மாறாமல் காக்கப்படுவது. வெளிப்புற வாசகத்தை மட்டும் கொடுத்து உட்புறத்தை வெறுமையாக விட்ட பட்டயம் எந்த ஐயத்தையும் தீர்த்திருக்காது. தமிழ்ப் பதிப்புகளும் தம் உட்புற வாசகத்தைப் பெற வேண்டும்.