ஆங்கிலத்துக்கு ஒற்றி போகும் காணி

உரும்பிராய்ச் செம்மண்ணில் பத்துப் பரப்புத் தோட்டக் காணியும் வற்றாத கிணறும் உடையவன் ஏழையல்லன் என்பது எம் முன்னோர் போட்ட கணக்கு. வெங்காயமும் வாழையும் புகையிலையும் விளைந்து பிள்ளைகளைப் படிப்பித்த அத்தகைய காணிகளிற் சில இன்று ஒற்றிக்குப் போகின்றன. சீதனத்துக்காகவும் அன்று, வழக்குச் செலவுக்காகவும் அன்று. மகனோ மகளோ மேலைநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிலே கோடைகால ஆங்கில வகுப்பிற் சேரவேண்டுமாம்!

அவ்வகுப்புகள் பயனற்றவை என்று நாம் சொல்லவில்லை. பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் பல, பட்டப் படிப்புக்கு இடம் பெற்றும் ஆங்கிலத் தராதரத்திற் சற்றே குறைந்து நிற்கும் பிறநாட்டு மாணவருக்காக, கோடை மாதங்களில் ஆறு வாரமோ பத்து வாரமோ நீடிக்கும் ஆயத்த வகுப்புகளை நடத்துகின்றன. கட்டுரை வரையவும், விரிவுரையைக் கேட்டுக் குறிப்பெடுக்கவும், சபையில் எழுந்து வினாவவும் அங்கே பழக்குகிறார்கள். அனுமதிக் கடிதத்தைக் கையில் வைத்திருக்கும் மாணவனுக்கு அது தக்க செலவே. அவனைத் தடுக்க நாம் முன்வரோம்.

நாம் கவலை கொள்வது மற்றையோரைக் குறித்து. பட்டப் படிப்புக்கு இடமுமில்லை, புலமைப் பரிசிலுமில்லை. "முதலில் மொழி வகுப்புக்குப் போகட்டும், மற்றவற்றை அங்கே பார்த்துக்கொள்ளலாம்" என்று முகவர் ஒருவர் சொல்கிறார். அந்தச் சொல்லை நம்பித் தகப்பனார் உறுதியை எடுத்துக்கொண்டு நொத்தாரிசிடம் நடக்கிறார். அங்கே பார்த்துக்கொள்வதற்குச் சட்டம் இடந்தருகிறதா? பிரித்தானியாவில் ஆறு மாதத்துக்கு மேற்பட்டுப் பதினொரு மாதம் வரையான ஆங்கிலப் படிப்புக்கெனக் குறுங்கால விசா ஒன்றுண்டு. அதை வைத்திருப்பவன் வேலை செய்தல் ஆகாது. அதனை நீடிக்கவும் முடியாது. கனடாவிலும் ஆங்கில வகுப்பில் மட்டும் படிப்பவனுக்கு வேலை செய்யும் உரிமை கிடையாது. அந்நாடு, மாணவன் ஒருவன் தன் வாழ்க்கைச் செலவுக்கெனக் காட்டவேண்டிய தொகையை 2024 சனவரியில் 10,000 டொலரிலிருந்து 20,635 டொலராக ஒரே எழுத்தில் உயர்த்தியது. பகுதிநேர வேலை பார்த்துக் கடனை அடைக்கலாம் என்ற வாக்குறுதி, இத்தகைய மாணவனைப் பொறுத்தவரை, சட்டத்தின் முன் செல்லாக் காசு.

ஒற்றியின் தன்மையைக் கமக்காரருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. உத்தியோகத்தருக்காக ஒரு வார்த்தை. தேசவழமைப்படி ஒற்றிக்குக் கடன் கொடுத்தவர் வட்டி கேட்பதில்லை. வட்டிக்கு ஈடாகக் காணியின் பலனை அனுபவிக்கிறார். ஆகவே கடன் தீரும்வரை அந்தக் குடும்பத்துக்குத் தோட்டமுமில்லை, கிணறுமில்லை, வருவாயுமில்லை. வருவாய் தந்த பொருளையே கையளித்துவிட்டு, எதைக் கொண்டு அதனை மீட்பது? போதாக்குறைக்கு நாணயமாற்றின் கொடுமை வேறு. 2022 இன் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற அமெரிக்க டொலர், சில மாதங்களுக்குள் 350 ரூபாவைத் தாண்டியதை எவரும் மறந்திருக்கமாட்டார்.

கோடை வகுப்பின் இரகசியந்தான் என்ன? காலையில் எழுந்தது முதல் இரவு கண்ணயரும்வரை அம்மொழியே காதில் விழுவதும், பிழையானாலும் அதிலே பேசியே தீரவேண்டியிருப்பதுமே. இந்த இரகசியம் யாழ்ப்பாணத்துக்குப் புதியதன்று. 1823 இல் வட்டுக்கோட்டையில் செமினரியை நிறுவிய அமெரிக்க மிஷனரிமார், மாணவரை அங்கேயே தங்கவைத்து ஆங்கிலம் கற்பித்தார்கள். (அவர்களுடைய நோக்கம் சமயம் பரப்புவது, 1855 இல் அதனை மூடியவரும் அவர்களே. அது வேறு கதை.) 1857 இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான கறல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் வட்டுக்கோட்டையில் ஆங்கிலம் கற்றவர்களே. தாமோதரம்பிள்ளையோ எமது வலிகாமம் கிழக்கிலுள்ள சிறுப்பிட்டியிற் பிறந்தவர். ஆங்கிலம் தமிழை அரித்துவிடும் என அஞ்சுவோருக்கும் அவரே விடை. 1887 இல் கலித்தொகையை ஏட்டிலிருந்து அச்சேற்றிய கை, ஆங்கிலம் எழுதிப் பழகிய கைதான்.

அன்று வீட்டு வாசலிற் கிடைத்தது இன்று ஏன் கடல் கடந்து போயிற்று? 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிற்று. 1987 இல் 13 ஆவது திருத்தம் தமிழும் ஆட்சிமொழி என்றது. ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. யாப்பில் எழுதிய கை, பாடசாலைக்கு ஆசிரியரை அனுப்பவில்லை. உயர்தரப் பரீட்சையில் பொது ஆங்கிலம் என ஒரு பாடமுண்டு. பல்கலைக்கழக அனுமதிக்கு அதன் புள்ளி எண்ணப்படுவதில்லை. எண்ணப்படாத பாடத்தை எந்தப் பிள்ளை விழித்திருந்து படிக்கும்? பின்பு மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம் என்று நுழைந்ததும் விரிவுரை ஆங்கிலத்தில். கமக்காரரின் எல்லை வழக்கு கொழும்புக்கு மேன்முறையீடாகப் போனால், அங்கே வாதமும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்தப் பிறப்பித்த விதியை 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் நிராகரித்தது. அதனை வரவேற்றோம். ஆனால் கற்பிக்காமலே கட்டாயப்படுத்தும் அந்த மனப்பான்மை ஒழிந்துவிட்டது என்று நாம் நம்பவில்லை.

உரும்பிராய்ச் சந்தியிலிருந்து துவிச்சக்கர வண்டியிற் போய்வரும் தூரத்தில், திருநெல்வேலியிலே, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கிறது. விடுதிகள் உண்டு, ஆங்கிலம் கற்பிப்பதற்கெனத் தனி நிலையமும் உண்டு. உயர்தரப் பரீட்சை எழுதிய பிள்ளை பல்கலைக்கழக வாசலை மிதிக்க ஓராண்டுக்கு மேலாகக் காத்திருப்பது இந்நாட்டின் வழக்கமாகிவிட்டது. அந்த வீண் காலத்தில் எட்டு வாரம், விடுதியில் தங்கி, ஆங்கிலமே பேசிப் பழகும் வகுப்பொன்றை இங்கு நடத்த என்ன தடை? நல்லூர்த் திருவிழாக் காலத்தில் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் படிப்பிக்கும் எம்மவர் பலர் ஊருக்கு வருகிறார்கள். தேர் பார்த்த கையோடு இரு வாரம் வகுப்பெடுக்கும்படி அவர்களைக் கேட்டவர் உண்டா? பாடசாலைக்கு வளைவும் மண்டபமும் கட்டித்தரும் பழைய மாணவர் சங்கங்கள், ஒரு பருவத்துக்கு வளைவை நிறுத்திவைத்து இதற்குப் பணம் தரலாம்.

இக்கோரிக்கையைப் பல்கலைக்கழகப் பேரவையின் முன்னும் வட மாகாணக் கல்வி அமைச்சின் முன்னும் எழுத்தில் வைக்குமாறு, உரும்பிராயிலும் அயலூர்களிலுமுள்ள கமக்காரர் அமைப்புகளையும் பெற்றார் சங்கங்களையும் வேண்டுகிறோம். மனுவை வரைந்து கொடுக்க எம்மிடையே வழக்கறிஞர் இருக்கிறார்கள், கூலி கேளார். முகவர் தரும் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து காட்டினால் அதனையும் வாசித்துச் சொல்வார்கள் — நொத்தாரிசின் முன் கையொப்பமிடுவதற்கு முன்னர் மட்டும்.