ஓசி மாட்டுக்குத் தீவனம் யார் வைப்பது?

ஹைதராபாத் மாதாப்பூரில் எங்கள் ஆபீஸில் செக்யூரிட்டி ஆடிட். எல்லாக் கணினிக்கும் ஒரே அச்சாய் விண்டோஸ் ஏற்றும் ஃபாக் சர்வர் மாட்டிக்கொண்டது. அதைப் பிடித்தவன் கையில் அத்தனை கணினியும்! "ஓசி சாஃப்ட்வேர்னா இப்படித்தான், தூக்கிப் போடு" என்கிறார் மேனேஜர்.

அடப் போங்க சார்! வெளியாள் சர்வரில் கட்டளை ஓட்டவிடும் அந்த ஓட்டை 2024-லேயே ஊரறிய அறிவிக்கப்பட்டது. 1.5.10.34 பதிப்பில் அடைத்தும் விட்டார்கள். அப்டேட் போடாதது நாம். கூடவே வந்த 'பாஸ்வேர்ட்' என்ற பாஸ்வேர்டைக்கூட மாற்றாததும் நாம்தான். நானும் அதில் சேர்த்தி.

தானமாய் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கட்டும், தப்பில்லை. தீவனமே வைக்காமல் மாட்டைத் திட்டலாமா? காசு கொடுத்து வாங்கினாலும் பேட்ச் போட ஆள் வேண்டும். லைசென்ஸில் மிச்சம் பிடித்த பணத்தில் முதலில் அந்த ஆளுக்கு நேரம் ஒதுக்குங்கள்.