பிடித்த பணம் எங்கே நின்றது?



சென்ற ஆண்டு ஜூன் மாதத்தில், மூன்று பிள்ளைகளின் தாயான ஒரு சகோதரி, காலஞ்சென்ற தம் கணவரின் காகிதங்களை ஒரு துணிப்பையில் கட்டிக்கொண்டு நம்மிடம் வந்தார். கணவருடைய இன்ஷூரன்ஸ் பாலிசிக்கு மார்ச் 5 தவணை நாள். 30 நாள் சலுகைக் காலம் ஏப்ரல் 4-இல் முடிவடைகிறது. ஆண்டுதோறும் பிரீமியத்தைத் தம் கணக்கிலிருந்து எடுத்து அனுப்பிவிடும்படி அவர் வங்கிக்கு எழுதிக் கொடுத்திருந்தார். வங்கியும் மார்ச் 28-ஆம் நாள் பணத்தை எடுத்துவிட்டது. ஆனால் அது கம்பெனியைச் சென்றடைந்ததோ ஏப்ரல் 11-ஆம் நாள். அவர் மாரடைப்பால் இறந்தது ஏப்ரல் 7.

பாலிசி காலாவதியான பின்னரே பணம் வந்தது என்று கூறிக் கம்பெனி பிரீமியத்தைத் திருப்பி அனுப்பிவிட்டது. "ஐயா, எங்கள் கணக்கிலிருந்து எடுத்துக்கொண்டார்களே, பிறகு எப்படிக் கட்டவில்லை என்கிறார்கள்?" என்று அவர் கேட்டபொழுது நம்மிடம் உடனடி விடை இல்லை.

பதினான்கு நாட்கள் அப்பணம் எங்கே இருந்தது? வங்கியில் விசாரித்தோம். ஆண்டிறுதிக் கணக்கு முடிப்பின் நெருக்கடியில், எவருக்கும் சொந்தமில்லாத ஓர் இடைநிலைக் கணக்கில் கிடந்ததாம். இதைச் சொன்ன அலுவலர் நல்லவர். நாற்காலி போட்டு உட்கார வைத்துத்தான் சொன்னார்!

வழக்கின் உயிர்நிலை ஒரே வினாவில் அடங்கியுள்ளது. இடையில் நின்று பணத்தைக் கொண்டு செல்பவர் யாருடைய ஆள்? நம்முடைய ஆள் என்றால் அவருடைய தாமதம் நம் தலையில் விழும். கம்பெனியின் ஆள் என்றால், அவர் கையில் கொடுத்ததே கம்பெனியிடம் கொடுத்ததாகும்.

இது பற்றி 1999-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பொன்று நினைவில் வைக்கத் தக்கது. டெல்லி மின் வழங்கு நிறுவனத்தின் ஊழியர் ஒருவர், சம்பளத்தில் பிடித்துக் கட்டும் திட்டத்தின்கீழ் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் பாலிசி எடுத்திருந்தார். நிறுவனம் தவணைகளைக் கட்டத் தவறியது, ஊழியர் இறந்தார், பாலிசி காலாவதி என்றது கழகம். பிரீமியத்தை வசூலிக்கும் பொறுப்பை நிறுவனத்திடம் ஒப்படைத்தது கழகமே. ஊழியரின் கண்ணுக்கு அந்நிறுவனம் கழகத்தின் முகவராகவே தோன்றும். ஆதலால் கழகமே பொறுப்பு என்று நீதிமன்றம் கூறியது. அவருடைய மனைவிக்கு நீதி கிடைத்தது.

நம் சகோதரியின் நிலை இவ்வளவு எளிதன்று. அவருடைய கணவர் தாமாகவே வங்கிக்கு எழுதிக் கொடுத்திருந்தார். ஆகவே வங்கி அவருடைய ஆள் என்று கம்பெனி வாதிடுகிறது. கம்பெனி தந்த படிவத்திலேயே, கணக்கிலிருந்து தொகையை எடுத்துக்கொள்ளுமாறு அவர் கையெழுத்திட்டிருந்தால் நம் வாதம் வலுத்திருக்கும். 2015-இல் தொடங்கிய பிரதம மந்திரி ஜீவன் ஜோதித் திட்டத்தில் நிலைமை வேறு. அதில் ஆண்டுக்கு 436 ரூபாய் பெற்று 2 லட்ச ரூபாய்க்குக் காப்பளிக்கிறார்கள்; மொத்தப் பாலிசி வங்கியின் பெயரிலேயே உள்ளது. பிடித்த தொகையை அனுப்பாத வங்கி, நமக்கென்ன என்று கைகழுவ முடியாது.

காசோலையைப் பற்றியும் பலர் கேட்கின்றனர். சலுகைக் காலத்திற்குள் கொடுத்த காசோலை பின்னர் பணமானால், கொடுத்த நாளே கட்டிய நாளாகக் கொள்ளப்படும் என்பது பொது நெறி. பணமில்லாது திரும்பினாலோ பாதுகாப்பு இல்லை. 2001-இல் உச்ச நீதிமன்றம் இதனை உறுதி செய்தது. சலுகை நாட்களுக்குள் மரணம் நேரின், பிரீமியம் கட்டாதிருந்தாலும் பாலிசி உயிரோடுதான் உள்ளது. அத்தவணையைக் கழித்துக்கொண்டு மீதியைத் தரவேண்டும். இதை அறியாமல் கோரிக்கையே அனுப்பாமல் இருந்துவிட்ட குடும்பங்களும் உண்டு.

வங்கியிடமிருந்து, பணம் எடுத்த நாளையும் அனுப்பிய நாளையும் எழுத்தில் பெற்றோம். வாய்ச்சொல்லாய் வந்த "இடைநிலைக் கணக்கு" எழுத்தில் வர ஆறு வாரங்களும் நான்கு நடைகளும் ஆயின. பின்னர்க் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு விண்ணப்பம். அவர் மறுத்தாலோ ஒரு மாதம் வாளாவிருந்தாலோ, ஓராண்டிற்குள் இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். 50 லட்சம் வரை அவர் தீர்ப்பளிக்கலாம். அது கம்பெனியைக் கட்டுப்படுத்தும். வங்கியின் சேவைக் குறைபாட்டிற்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. அதற்கு இரண்டாண்டுக் கெடு.

கம்பெனி மறுத்துவிட்டது. சகோதரியின் மனு இப்பொழுது குறைதீர்ப்பாளரிடம் உள்ளது. விசாரணைக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை. மூத்த மகளுக்கு இவ்வாண்டு கல்லூரிக் கட்டணம் கட்டவேண்டும். கம்பெனி திருப்பி அனுப்பிய காசோலையை அவர் மாற்றவில்லை. மாற்ற வேண்டாம் என்று நாம்தான் சொல்லியிருக்கிறோம்.