செகந்தராபாத் மைதானமும் ஜாம்ஷெட்பூர் புகைபோக்கியும்

ஹைதராபாத் நகரத்தின் பெயரைத் தாங்கி இந்தியாவின் தலைசிறந்த கால்பந்துப் போட்டித் தொடரில் ஆடிவந்த தொழில்முறைக் கழகம், 2025-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், ஊரையும் பெயரையும் ஒருங்கே துறந்து, தில்லிக்குக் குடிபெயர்ந்து, ‘ஸ்போர்ட்டிங் கிளப் டெல்லி’ என்னும் புதுப்பெயரைப் பூண்டுகொண்டது. அதற்கு இரண்டு மாதங்கள் கழித்து, டிசம்பர் 13-ஆம் தேதி மாலையில், அர்ஜென்டினாவின் மெஸ்ஸியைக் கண்ணாரக் காண்பதற்காக ஹைதராபாத் நகரத்து ஜனங்கள் உப்பல் மைதானத்தில் பெருந்திரளாகக் கூடினார்கள். அவ்விரு செய்திகளையும் சேர்த்து வைத்து எண்ணிப் பார்த்தபொழுது எனக்குண்டான வருத்தம் இன்னும் தணியவில்லை. பந்தாட்டத்தின்பால் இவ்வூருக்கு அபிமானம் குன்றிவிட்டது என்று சொல்ல எவருக்கும் வாயெழாது. அபிமானம் இருக்கிறது, பணமும் இருக்கிறது. ஆயினும் ஒரு கழகம் ஆறே ஆண்டுகளில் வேரற்றுப் போயிற்று என்றால், அந்த முதலீடு எந்த நிலத்தில் ஊன்றப்பட்டது என்பதை நாம் விசாரிக்கத்தான் வேண்டும்.

அக்கழகத்தின் சரித்திரம் சுருக்கமானது. 2014-இல் புனே நகரில் தோன்றிய ஒரு கழகம் பொருள்முடையால் மூடப்பட, அதன் ஸ்தானத்தை நிரப்புவதற்காக 2019 ஆகஸ்டில் ஹைதராபாத் எஃப்.சி. உருவாயிற்று. முதலாண்டில் கடைசி இடத்தைப் பெற்ற அவ்வணி, மறு ஆண்டு ஸ்பெயின் தேசத்துப் பயிற்சியாளர் மனோலோ மார்க்கெஸின் பொறுப்பில் வந்ததும், ஆகாஷ் மிஸ்ரா, ஆசிஷ் ராய், லிஸ்டன் கொலாசோ முதலிய இளைஞர்களுக்குத் தாராளமாக வாய்ப்பளித்து விரைவாக மேலேறி, 2022 மார்ச் 20-ஆம் தேதி கோவாவில் நடந்த இறுதியாட்டத்தில் கேரளா பிளாஸ்டர்ஸை பெனால்டி உதைகளில் வென்று கோப்பையைக் கைப்பற்றியது; எதிரணியின் உதைகளில் மூன்றைத் தடுத்தவர் லட்சுமிகாந்த் கட்டிமணி. பெருந்தொற்றுக் காலமாகையால் அவ்வாண்டின் ஆட்டங்கள் யாவும் கோவாவிலேயே நடந்தன. ஆகவே அப்பருவத்தில் தன் சொந்த நகரத்தில் ஓர் ஆட்டமேனும் ஆடாமலே அந்த அணி சாம்பியன் ஆயிற்று. அதன் பிறகு இரண்டாண்டுகள் கழிவதற்குள் ஊதியம் நிலுவையில் நின்றது. வெளிநாட்டு ஆட்டக்காரர்களும் பெயர்பெற்ற இந்தியர்களும் ஒருவர்பின் ஒருவராக விலகினார்கள். எஞ்சிய இளம் பிள்ளைகளே 2023-24 பருவத்தை ஆடி முடித்தார்கள். ஒரே ஒரு வெற்றியோடு அணி கடைசி இடத்தில் நின்றது. 2024-இல் பி.சி. ஜிண்டால் குழுமம் கழகத்தை வாங்கியது. மறு ஆண்டு அது தில்லிக்குப் போயிற்று.

ஹைதராபாத் நகரத்தில் எழுபது ஆண்டுகளுக்கு முன் நடந்தது முற்றிலும் வேறு. உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, பள்ளி ஆசிரியராக இருந்த சையத் அப்துல் ரஹீம் என்னும் மனிதர், 1950-இல் ஹைதராபாத் நகரப் போலீஸ் அணிக்குப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்று, அவ்வாண்டு தொடங்கி 1954 வரை இடைவிடாது ஐந்து முறை பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை அவ்வணி வெல்லும்படி செய்தார். இந்தியா 1951-இலும் 1962-இலும் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் தங்கம் வென்றதும், 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று வீழ்த்தி நான்காம் இடத்தை எய்தியதும் அவருடைய பயிற்சியின் பலன்களே. இடக்கால் பலவீனமானவர்கள் இடக்காலால் மட்டுமே ஆட வேண்டும் என்றும், பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு ஓடாமல் உடனே கைமாற்றிவிட வேண்டும் என்றும் விதிகள் வகுத்து, அதற்கென்றே தனிப் போட்டிகள் நடத்தியவர் அவர். புற்றுநோயோடு போராடிக்கொண்டே, 1962-இல் ஜகார்த்தாவில் தென்கொரியாவை 2-1 என்று வென்ற அணியை வழிநடத்திவிட்டு, 1963 ஜூனில் காலமானார். 2024-இல் வந்த ‘மைதான்’ என்னும் இந்தித் திரைப்படம் அவருடைய கதைதான்.

தமிழ் வாசகர்கள் பெருமையோடு அறிய வேண்டிய விஷயம் ஒன்று இங்கே உண்டு. ரஹீம் வார்த்தெடுத்த அந்த மகோன்னதமான இந்திய அணியின் இலக்கைக் காத்து நின்ற பீட்டர் தங்கராஜ் இந்நகரத்தில் 1935-இல் பிறந்தவர். செகந்தராபாதின் சிறு கழகங்களில் ஆடத் தொடங்கி, ராணுவத்தில் சேர்ந்து, நீலகிரி வெலிங்டனிலிருந்த மதராஸ் ரெஜிமெண்ட் மையத்தின் அணிக்காக ஆடியவர். அவ்வணி 1955-இலும் 1958-இலும் துரந்த் கோப்பையை வென்றது. முன்னணியில் ஆடிய துளசிதாஸ் பலராமோ, செகந்தராபாத் படைவீட்டையொட்டிய அம்முகூடா கிராமத்தில், பிழைப்புத் தேடி வடக்கே வந்த தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகத்துக்குத் தலைமை தாங்கி, 1962-இல் அர்ஜுனா விருது பெற்று, 2023 பிப்ரவரியில் மறைந்தவர். படைவீட்டைச் சுற்றியிருந்த தமிழ்க் குடியிருப்புகளில், வறிய குடும்பங்களின் பிள்ளைகள் வெறுங்காலோடு ஆடிய மண் அது. அம்மண்ணிலிருந்து ஒலிம்பிக் களத்துக்கு ஒரு பாதை இருந்தது. அந்தப் பாதை இன்று எங்கே போயிற்று என்று கேட்கும் உரிமை இந்நகரத்துத் தமிழர்களுக்கும் உண்டு.

அக்காலத்தில் அப்பாதையைத் தாங்கி நின்றது தேசாபிமானம் மட்டுமன்று, உத்தியோகமும்தான். ஆட்டக்காரன் போலீஸ் சேவகனாகவோ, சிப்பாயாகவோ, ரயில்வே ஊழியனாகவோ இருந்தான்; மாதச் சம்பளம் ஒழுங்காக வந்தது; கால் முறிந்தால் வேலை போய்விடாது; ஓய்வு பெற்றால் பென்ஷன் உண்டு. பந்தாட்டத்திலிருந்து லாபம் வர வேண்டுமென்ற நிர்ப்பந்தம் அந்த ஸ்தாபனங்களுக்கு இல்லை. ஏனெனில் பந்தாட்டம் அவற்றின் வியாபாரமன்று. அவற்றின் கௌரவமும் ஒழுக்கமும் அதில் அடங்கியிருந்தன. அந்த ஏற்பாட்டில் குறைகள் இருந்தன. ஆட்டக்காரனுக்கு அவன் திறமைக்குத் தகுந்த வருமானம் கிட்டவில்லை என்பதை மறுக்க முடியாது. ஆயினும் நாளைக்கு அணி இருக்குமா என்ற பயத்தோடு ஒருவனும் மைதானத்தில் இறங்கவில்லை.

இப்போதைய தொழில்முறை ஏற்பாட்டுக்கு அஸ்திவாரம் 2010 டிசம்பரில் இடப்பட்டது. பதினைந்து ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய் என்று பேசி, இந்தியக் கால்பந்தின் வியாபார உரிமைகளை அகில இந்தியச் சம்மேளனம் ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸ் நிறுவனத்துக்கு அளித்தது. அந்த ஒப்பந்தத்தின் காலம் முடியும் தறுவாயில், மேற்கொண்டு என்ன என்பது தீர்மானமாகாமையால், 2025 ஜூலையில் அடுத்த பருவமே நிறுத்திவைக்கப்பட்டது. இந்த ஏற்பாட்டின்கீழ் நகரங்களுக்குப் பெயரளவில் கழகங்கள் உண்டாக்கப்பட்டன. அவை வாங்கவும் விற்கவும் இடம்பெயர்க்கவும் கூடிய சொத்துகளாயின. கழகம் நடத்துவோருக்குப் பெருஞ்செலவு நிச்சயம், வரவு சந்தேகம் என்ற நிலையில், பத்தாண்டு பொறுத்திருக்கும் முதலாளிகள் அரிதாகவே கிட்டுவார்கள். இந்நகரத்திலேயே கல்வி நிறுவனக் குழுமமொன்றின் ஆதரவில் நடக்கும் ஸ்ரீநிதி டெக்கான் கழகம், அடுத்த தளத்துப் போட்டியான ஐ-லீகில் 2022-23, 2023-24 ஆகிய இரு பருவங்களிலும் இரண்டாமிடம் பெற்று, சத்தமின்றி வேலை செய்துவருகிறது. பள்ளிக்கூடங்களை நடத்துவோர் கையில் பந்தாட்டம் இருப்பது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

ஹைதராபாத் கோப்பையை வென்ற அதே 2021-22 பருவத்தில், புள்ளிப் பட்டியலில் முதலிடம் பெற்றுக் கேடயத்தை வென்றது ஜாம்ஷெட்பூர் எஃப்.சி. அதன் பின்னணியைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஜாம்ஷெட்ஜி டாட்டா, உருக்காலைக்கு இடமே தேர்ந்தெடுக்கப்படாத 1902-ஆம் ஆண்டில், தம் மகன் தோராப்ஜிக்கு எழுதிய கடிதத்தில், அமையப்போகும் ஊரில் நிழல் தரும் மரங்களும், அகன்ற வீதிகளும், கால்பந்துக்கும் ஹாக்கிக்கும் விசாலமான வெளிகளும் இருக்க வேண்டுமென்று சொல்லியிருந்தார். இரும்பு உருகுவதற்கு முன்பே மைதானம் மனத்தில் உதித்துவிட்டது. 1987-இல் டாட்டா கால்பந்துப் பயிற்சிக்கழகம் அங்கே தொடங்கப்பட்டு, கார்ல்டன் சாப்மன், ரெனெடி சிங், சுப்ரதா பால் முதலிய இந்திய ஆட்டக்காரர்கள் அதில் உருவாகி, முப்பதாண்டுகள் கழிந்த பின்னரே, 2017-இல், தொழில்முறைக் கழகம் பிறந்தது. விதை முதலிலும் விளம்பரம் பின்னரும் வந்த வரிசை இது.

அவ்வூர் உருக்காலையை நடத்தும் டாட்டா ஸ்டீல் நிறுவனம், 2021 செப்டம்பரில், அதே ஜாம்ஷெட்பூர் ஆலையில், ஊதுலை வாயுவிலிருந்து கரியமிலவாயுவை நாளொன்றுக்கு 5 டன் பிரித்தெடுக்கும் யந்திரசாலையொன்றைத் திறந்தது. அமீன் என்னும் ரசாயனக் கரைசல் வழியே வாயுவைச் செலுத்தினால் கரியமிலவாயு அதிற் கரைந்துவிடுகிறது. பிறகு கரைசலைச் சூடேற்றினால் தூய நிலையில் வெளிவருகிறது. கரைசலை மீண்டும் உபயோகிக்கலாம். ஊதுலை வாயுவில் எரியக்கூடிய பகுதியும் எரியாத கரியமிலவாயுவும் கலந்திருப்பதால், பின்னதை நீக்கியபின் எஞ்சுவது முன்னிலும் அதிக உஷ்ணம் தரும் எரிபொருளாகி ஆலைக்கே திரும்பிப் பயன்படுகிறது. இந்தியாவில் ஒரு டன் உருக்குச் செய்கையில் ஏறத்தாழ 2.5 டன் கரியமிலவாயு வெளியேறுகிறது. ஆண்டுக்கு ஒரு கோடி டன்னுக்கு மேல் உருக்கு வார்க்கும் ஆலையில் 5 டன் என்பது அணுவளவே. எனினும் நான் அதை அலட்சியம் செய்யமாட்டேன். பயிற்சிக்கழகத்தின் முதல் வகுப்பிலும் சில பிள்ளைகளே இருந்திருப்பார்கள்.

இவ்விரண்டையும் ஏன் சேர்த்துப் பேசுகிறேன் என்றால், கால்பந்தை வளர்ப்பதும் கரியமிலவாயுவைப் பிடிப்பதும், செலவு இன்றும் பயன் பிற்காலத்திலுமாக அமைந்த தொழில்கள். பயனிற் பெரும்பகுதி செலவழித்தவனுக்கன்றி ஊருக்கும் உலகுக்கும் போய்ச் சேர்வது. அத்தகைய காரியங்களை விரைந்து லாபம் தேடும் முதலினால் நடத்த முயன்றால், புனேயிலிருந்து ஹைதராபாதுக்கும், ஹைதராபாதிலிருந்து தில்லிக்குமாக அவை அலைய நேர்கிறது.

தூத்துக்குடியில் இதற்கு ஓர் அழகான திருஷ்டாந்தம் கிடைக்கிறது. சோடா உப்பு தயாரிக்கும் தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலைக்குக் கரியமிலவாயு ஒரு மூலப்பொருள். காசு கொடுத்து வாங்க வேண்டிய சரக்கு. தன் நிலக்கரிக் கொதிகலனின் புகையிலேயே அது இருக்கையில் வெளியில் ஏன் தேட வேண்டும்? கரக்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற அனிருத்த சர்மா, பிரதீக் பம்ப் என்னும் இரு இளைஞர்கள் தொடங்கிய கார்பன் க்ளீன் நிறுவனத்தின் ரசாயன முறையைக் கைக்கொண்டு, ஆண்டுக்கு 60,000 டன் அளவில் பிடிக்கும் திட்டத்தோடு 2016-இல் அங்கே வேலை ஆரம்பமாயிற்று. அரசாங்க மானியம் ஏதுமின்றி அது நடந்ததே உலகின் கவனத்தை ஈர்த்தது. ஜாம்ஷெட்பூர் யந்திரசாலைக்குத் துணைநின்றதும் இதே நிறுவனம்தான். பிடித்த வாயு தூத்துக்குடி ஆலைக்கே தேவைப்பட்டது. ஆகவே அம்முயற்சி தன் காலில் நின்றது. அரியலூர் ஆலையில் ஆண்டுக்கு ஐந்து லட்சம் டன் பிடிக்கப்போவதாக 2019-இல் டால்மியா சிமெண்ட் அறிவித்ததும் இந்த உதாரணத்துக்குப் பின்னரே.

ஆனால் சோடா உப்பில் அடங்கிய வாயு, அவ்வுப்பு கண்ணாடி உலையில் உருகுகையில் மீண்டும் வானத்துக்கே போய்விடுகிறது என்பதை மறைத்துப் பேசக் கூடாது. நிரந்தரமாக அதைச் சிறைப்படுத்த வேண்டுமானால் பூமிக்குள்தான் இடம் தேட வேண்டும். ஐஸ்லாந்தில் நீரிற் கரைத்து எரிமலைப் பாறைக்குள் செலுத்திய கரியமிலவாயுவில் 95 சதவீதம் இரண்டாண்டுகளுக்குள் சுண்ணக் கல்லாக மாறிவிட்டதை 2016-இல் விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். அதே ஜாதி எரிமலைப் பாறை, விகாராபாத் பக்கமிருந்து மேற்கே மஹாராஷ்டிரத்தின் பெரும்பகுதியிலும் அதற்கப்பாலுமாக ஏறத்தாழ ஐந்து லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கிறது. அதைப் பற்றி இந்நகரத்துத் தேசியப் புவிபௌதிக ஆராய்ச்சி நிலையம் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆராய்ச்சி செய்திருக்கிறது. வித்தை இங்கே இருக்கிறது. பாறை அருகில் இருக்கிறது. ராமகுண்டத்து அனல்மின் நிலையமும் நல்கொண்டா வட்டாரத்துச் சிமெண்ட் ஆலைகளும் நாள்தோறும் புகையை அளித்துக்கொண்டிருக்கின்றன. பத்தாண்டு காத்திருக்கும் சிரத்தையுள்ள ஸ்தாபனம் ஒன்றுதான் இனி வேண்டும்.

தெலங்கானா அரசாங்கத்துக்கும் இந்நகரத்துச் செல்வந்தர்களுக்கும் நான் விண்ணப்பித்துக்கொள்வது இதுதான். அடுத்தமுறை ஹைதராபாதின் பெயரை ஒரு கழகத்துக்கு அளிக்குமுன், ஆட்டக்காரர்களின் பல ஆண்டு ஊதியத்துக்கு ஈடான தொகையை வைப்பாக வாங்கிக்கொள்ளுங்கள். சிறுவர் அணிகள் ஐந்தாண்டு ஆடிய பிறகே பெரிய அணிக்கு உரிமை என்று நிபந்தனை வையுங்கள். பெரிய ஆலைகளும் மென்பொருள் நிறுவனங்களும் ஆட்டக்காரர்களுக்கு முன்போல் நிரந்தர உத்தியோகம் தரட்டும். பீட்டர் தங்கராஜின் பெயராலும் துளசிதாஸ் பலராமின் பெயராலும் செகந்தராபாதில் ஏழைப் பிள்ளைகளுக்கென ஒரு பயிற்சிக்கழகம் தொடங்க எவரேனும் முன்வருவார்களாயின், இந்நகரத்துத் தமிழ்ச் சங்கங்கள் அதற்கு முதல் நன்கொடையைத் தர வேண்டும்.